கேத்திக் கேரட்டின் வால்

மத்ஸ்யா 6000 பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கச் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் கலம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். ஆள் உட்காரும் டைட்டானியக் கூடு 2.1 மீட்டர் விட்டமுள்ள உருண்டை. அழுத்தம் தாங்க அதைவிட நல்ல வடிவம் இல்லை. ஆனால் வேகமாக நீந்த உருண்டை சரிப்படாது.

பின் எந்த வடிவம் சரி? நீலகிரியில் எங்கள் ஜெகதளாவில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் நீர்மூழ்கி செய்யப் போகிறானாம். சில்வர் ஓக் கட்டையில் ஊசிமுனை வைத்துச் செதுக்கியிருந்தான். “கூரா இருந்தாத்தானே மாமா தண்ணியைக் கிழிக்கும்?” என்றான். கேரட் கழுவும் தொட்டிக்கு அழைத்துப் போனேன். கேத்திக் கேரட் ஒன்றில் நூல் கட்டி, தண்ணீருக்கடியில் பதித்த வளையத்தில் நுழைத்து, விளிம்புக் கப்பியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். நட்டு இறங்க, கேரட் நகரும். நுனி முன்னால் ஒருமுறை, பருத்த தலை முன்னால் ஒருமுறை. தலை முன்னால் போனதுதான் முந்தியது. பையன் வாயடைத்து நின்றான்.

மழுங்கிய முகத்தைத் தண்ணீர் தழுவிக்கொண்டு விலகிவிடும். பின்பக்கம் சட்டென்று முடிந்தால்தான் வம்பு: அங்கே சுழல் உண்டாகி உடலைப் பின்னுக்கு இழுக்கும். 1953-இல் அமெரிக்கா இறக்கிய ஆல்பகோர் நீர்மூழ்கிக்கும் உருண்ட முகம், ஒடுங்கிய வால்.

வாசகர்களுக்குத் தெரியும், ஆங்கிலேயக் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடை நான் எப்படியும் இழுத்து வந்துவிடுவேன். 1867-இல் ‘அன்னம்’, ‘அண்டங்காக்கை’ என்று பெயரிட்டு 3, 6, 12 அடி நீளங்களில் மாதிரிகள் செய்து இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் இழுத்தார். மெதுவாகப் போகையில் கூர்முனைக் காக்கைக்கு எதிர்ப்பு குறைவு. வேகம் கூடியதும் உருண்ட அன்னத்துக்குக் குறைவு. நீளத்தில் பதினாறில் ஒரு பங்கான மாதிரியை நாலில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் அலைக் கணக்கு பொருந்தும் என்றும் கண்டார். ஆழத்தில் அலை இல்லை, தண்ணீரின் பிசுபிசுப்புதான் ஆட்சி. அதை ஈடுகட்ட அதே மாதிரியைப் பதினாறு மடங்கு வேகத்தில் இழுக்கவேண்டும், தொட்டியில் நடக்காது. ஆகவே எந்த வடிவம் மேல் என்று ஒப்பிடலாம்; கிடைத்த எண்ணை அப்படியே பெருக்கிப் பெரிய கலத்துக்குச் சொல்லக் கூடாது.

மாதிரி என்றதும் பள்ளிக் கண்காட்சிகள் நினைவுக்கு வருகின்றன. தெர்மாகோலை வெட்டி, வர்ணம் அடித்து, மேசையில் வைத்தால் மதிப்பெண். தண்ணீரில் போட்டுப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. மாதிரி என்பது கேள்வி கேட்கத்தான்.

பையன் இப்போது கட்டையின் வாலை நீட்டிச் செதுக்குகிறான். தொட்டிதான் போதவில்லை; வேகம் நிலைப்படுவதற்குள் சுவர் வந்துவிடுகிறது. கேத்திப் பக்கம் நீளமான, பயன்படாத தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.