ரூட் அதிகாரம் யார் கையில்?

லினக்ஸ் கணினியில் எதையும் செய்யும் அதிகாரம் ரூட் என்ற ஒரே கணக்குக்குத்தான் உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, 0 என்ற பயனர் எண்ணால். அந்த எண்ணோடு ஓடும் நிரல் யாருடைய கோப்பையும் திறக்கும், மென்பொருளை நிறுவும், வட்டையே துடைத்தழிக்கும். மற்ற கணக்குகளின் கை அவரவர் ஹோம் ஃபோல்டருக்கு வெளியே பெரும்பாலும் நீளாது. ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட 1970களில், பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் வகுத்த ஏற்பாடு இது. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் லேப்டாப்பிலும் அது அப்படியே தொடர்கிறது. தொடர்வதே நல்லது. பிரவுசர் வழியாக நுழையும் தீய நிரலும் பிரவுசரை இயக்கும் கணக்கின் எல்லைக்குள்ளேயே நின்றாக வேண்டும்.

இந்த அதிகாரத்தைப் பெற இரண்டு வழிகள். ரூட்டுக்குத் தனி பாஸ்வேர்டு வைத்து, 'சூ' கட்டளையால் அந்தக் கணக்காகவே மாறுவது பழைய வழி. வேண்டிய கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தைக் கடன் வாங்குவது 'சூடோ'. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இந்தச் சிறு நிரலை 1994 முதல் பராமரித்து வருபவர் டாட் மில்லர். 2004 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு, ரூட் பாஸ்வேர்டையே பூட்டிவிட்டு, நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு சூடோ உரிமையைக் கொடுத்தது. டெபியனில் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் இதே ஏற்பாடு அமையும். உபுண்டுவிலும் டெபியனிலும் 'சூடோ' என்ற குழுவிலும், ஃபெடோராவில் 'வீல்' என்ற குழுவிலும் இருப்பவரே நிர்வாகி. குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் உரிமை செல்லுபடியாகும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

சூடோ கேட்பது ரூட்டின் பாஸ்வேர்டை அல்ல, பயனரின் சொந்தப் பாஸ்வேர்டை. உபுண்டுவில் ஒருமுறை கொடுத்தால் 15 நிமிடம் மீண்டும் கேட்காது. எந்தக் கணக்கு, எப்போது, எந்தக் கட்டளையை இயக்கியது என்பது பதிவாகிவிடும். ஒரு கணினியை நான்கு பேர் நிர்வகிக்கும் இடத்தில் பாஸ்வேர்டைப் பகிர்வதைவிட இது எவ்வளவோ மேல். யாருக்கு என்ன உரிமை என்பதைச் சொல்லும் சூடோயர்ஸ் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறக்கக் கூடாது. ஒரு எழுத்துப் பிழை சூடோவையே முடக்கிவிடக்கூடும். பிழை பார்த்துச் சேமிக்கும் 'விசூடோ' அதற்காகவே இருக்கிறது.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருந்து, முந்தைய உரிமையாளரின் பாஸ்வேர்டு தெரியாமல் போனால் என்ன செய்வது? உபுண்டுவாக இருந்தால், தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் என்ற தொடக்கப் பட்டியலுக்குப் போய், ரிகவரி முறையில் ரூட் ஷெல்லைத் திறக்கலாம். அது பாஸ்வேர்டு கேட்காது. வட்டு படிக்க மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டு, 'பாஸ்வ்டு' கட்டளையால் புதுப் பாஸ்வேர்டு வைக்கலாம். இத்தனை எளிது என்பதே எச்சரிக்கையும்கூட: கணினியைக் கையில் வைத்திருப்பவர் அதற்கு ரூட் ஆகிவிட முடியும். இதைத் தடுப்பது முழு வட்டு மறையாக்கம். நிறுவும்போது அதற்கான பெட்டியில் டிக் செய்துவிட்டால், சாவிச் சொல் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. வாங்கிய லேப்டாப்பில் முன்னவர் தரவு எதுவும் தேவையில்லை என்றால், மீட்பதைவிட வட்டை அழித்துப் புதிதாக நிறுவுவதே சரி.

அனுமதி இல்லாமலே ரூட் ஆகும் ஓட்டைகளும் இருந்திருக்கின்றன. 2011-இல் சூடோவுக்குள் நுழைந்த ஒரு பிழையைக் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது 2021 ஜனவரியில்தான். அடுத்த ஜனவரியில் பிகேஎக்ஸெக் என்ற நிரலில் 2009 முதலே இருந்த இன்னொன்று வெளிவந்தது. சாதாரணக் கணக்கு வைத்திருந்த எவரும் இவற்றால் முழு அதிகாரம் பெற்றிருக்க முடியும். திறந்த மூலம் என்பதாலேயே பிழை தானாகக் கண்ணில் படுவதில்லை; யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். திருத்தங்கள் உடனே வந்தன என்றாலும், அப்டேட் செய்யாத கணினிக்கு அவற்றால் பயனில்லை.

2001-இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்று தொடங்கி, பின்னர் 'ஃபாஸ் டாட் இன்' ஆன மாநாட்டை நடத்திய ஊர் பெங்களூரு. அதே ஊரில் அலுவலக லேப்டாப்பில் சூடோ உரிமை கிடைக்காத பொறியாளர்கள் ஏராளம். கணினி நிறுவனத்துடையது, அதை யார் நிர்வகிப்பது என்பதும் நிறுவனத்தின் முடிவு. வேலைக்குத் தேவையான குறிப்பிட்ட கட்டளைகளுக்கு மட்டும் சூடோயர்ஸ் கோப்பில் இடம் தர முடியும் என்பதால், ஐ.டி. பிரிவிடம் கேட்டுப் பெறுவதே நேர்வழி. ரிகவரி முறையில் தானே நுழைந்துகொண்டால் கதை வேறு. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.