பட்டாளத்தை யார் அழைக்கலாம்?

சிதம்பரம் தெருவில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளிகள் திரள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களைக் கலைக்கப் பட்டாளம் வரலாமா? யார் சொன்னால் வரும்? சுட்டால் யார் பதில் சொல்வது?

இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல. 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சிதம்பரத்தில் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அடுத்த மாதமே காங்கிரஸ் சர்க்கார் பட்டாளத்தையும் இறக்கியது. பொள்ளாச்சியில் பட்டாளமே மக்களைச் சுட்டது. எதிரி நாட்டானைத் தடுக்கக் கொடுத்த துப்பாக்கி, சொந்த மக்களின் மார்புக்கு நேரே நீட்டப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 முதல் 151 வரையுள்ள ஷரத்துக்களைப் பார்ப்போம். முதலில் போலீஸ்தான் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். வேறு வழியே இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு அவசியம் என்றால்தான் பட்டாளம். அப்போதும் ராணுவ அதிகாரி தானாக வர முடியாது. கடலூரில் இருக்கும் கலெக்டர், அதாவது ஜில்லா மாஜிஸ்திரேட், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட் ஸ்தலத்தில் நின்று கேட்க வேண்டும். வந்த பட்டாளமும் மிகக் குறைந்த பலத்தையே பிரயோகிக்கலாம். உயிருக்கும் உடைமைக்கும் மிகக் குறைந்த சேதமே விளைவிக்கலாம்.

நல்ல வேலிதான். ஆனால் ஓட்டைகளைப் பாருங்கள்!

ஐந்து பேர் கூடினாலே, அமைதி கெடும் என்று அதிகாரி நினைத்தால், கலைந்து போகும்படி உத்தரவிடலாம். களத்துமேட்டில் நெல் கூலி கேட்க ஐந்து பேர் கூட மாட்டார்களா? மாஜிஸ்திரேட்டைத் தொடர்பு கொள்ள முடியாவிட்டால் ராணுவ அதிகாரி தாமே முடிவு செய்யலாம். தொடர்பு கிடைத்த பிறகுதான் மாஜிஸ்திரேட் சொற்படி நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்ட ராணுவத்தார் மீது வழக்குப் போட மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். பட்டாளம் யாருடையதோ, அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டுமாம்!

இந்த அனுமதி ஷரத்து வெள்ளைக்காரன் 1898ல் எழுதிய சட்டத்திலேயே உண்டு. வெள்ளைக்காரன் போனான், சட்டம் 1973ல் மாறியது, 2023லும் மாறியது. ஷரத்து மட்டும் அசையவில்லை. அமெரிக்காவில்கூட, அரசியல் சட்டமோ பார்லிமெண்டோ வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் பட்டாளத்தைப் போலீஸ் வேலைக்கு ஏவக்கூடாது என்று 1878லேயே சட்டம் செய்தார்கள். இங்கோ நாகா, மணிப்பூர் மக்கள் மீது 1958ல் ஆயுதப்படை விசேஷ அதிகாரச் சட்டம் வந்தது. 1997ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லும் என்றது. ஆனால் பட்டாளம் சிவில் நிர்வாகத்துக்கு உதவிக்குத்தான், அதன் இடத்தைப் பிடிக்க அல்ல என்றும் சொன்னது.

பட்டாளத்துச் சிப்பாய் நமக்குப் பகைவன் அல்ல. அவனும் உழவன் மகன், தொழிலாளி மகன். அவனை நம் மீது ஏவும் கைக்குத்தான் கடிவாளம் வேண்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்: பட்டாளத்தை அழைப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்தால் நீதிபதி விசாரணை நடத்தி, அறிக்கையை வெளியிட வேண்டும். அனுமதி ஷரத்தை ரத்துச் செய்ய வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் இந்த நான்கு ஷரத்துக்களையும் உரக்கப் படியுங்கள். சட்டம் போட்டுள்ள வரம்பைத் தெரிந்த தொழிலாளியை, அதை மீறி மிரட்டுவது எளிதல்ல.