ரெண்டு புள்ளி, ஒரு ஸ்லாஷ், ஒரு @

டிஸ்கி: இது பி.எச்.பி. பற்றிய பதிவு. சினிமா, அரசியல் எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே நடையைக் கட்டலாம். சொந்தமா டொமைன் வாங்கி வேர்ட்பிரஸ் போட்டு வச்சிருக்கவங்க மட்டும் கொஞ்சம் உட்காருங்க. உங்களுக்கும் இதுல சங்கதி இருக்கு.

பி.எச்.பி.யில கை வைச்ச எவரும் தப்பிக்க முடியாத எச்சரிக்கை ஒண்ணு உண்டு. 'பெயில்டு டு ஓப்பன் ஸ்ட்ரீம், நோ சச் பைல் ஆர் டைரக்டரி'. ஒரு கோப்புக்குள்ள இன்னொரு கோப்பை இன்க்ளூட் பண்ணச் சொன்னோம், அது கிடைக்கலை. அவ்வளவுதான் விஷயம். ஆனா இதுக்கு நம்ம ஆளுங்க பார்க்குற வைத்தியம் இருக்கே! முதல்ல ஒரு ../ போட்டுப் பார்ப்பாங்க. வரலைன்னா இன்னொரு ../. அப்புறம் புள்ளியை எடுத்துட்டு வெறும் ஸ்லாஷ். அதுவும் கைகொடுக்கலைன்னா கோப்பையே காப்பி எடுத்து நாலு போல்டர்லயும் போட்டு வைப்பாங்க. பர்மிஷனை 777 ஆக்குவாங்க (எதுக்குன்னு கேட்டா பதில் வராது). எல்லாம் முடிஞ்சா இருக்கவே இருக்கு, இன்க்ளூட்டுக்கு முன்னாடி ஒரு @. எச்சரிக்கை மறைஞ்சிடும். 'ஓடுதுப்பா'ன்னு டீக்கடைக்குக் கிளம்பிடுவாங்க.

என் கட்சி என்னன்னா, இப்படி எப்படியோ ஓடவச்ச இன்க்ளூட்டை விட, ஓடாம நின்னு பக்கம் பூரா எச்சரிக்கையைக் கொட்டுற இன்க்ளூட் நூறு மடங்கு மேல். சும்மா தத்துவத்துக்குச் சொல்லலை. ஒரு உதாரணத்தோடயே சொல்றேன்.

பரளச்சியில இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, வானம் பார்த்த பூமி. கண்மாய் பூரா சீமைக்கருவேலம். திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவங்ககிட்ட வசூல் பண்ணி அதை வெட்டி எடுக்கலாம்னு ஊர்ப் பசங்க சிலர் கிளம்பியிருக்காங்க. யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு கணக்கு வைக்க நம்மாளு ஒரு தளம் கட்டியிருக்கான். பேரு, போன் நம்பர், தொகை. கடைசி வருஷ இன்ஜினியரிங் பையன், ஆர்வக்கோளாறு. பாராட்டணும்.

"அண்ணே, என் லேப்டாப்புல நல்லா ஓடுது. சர்வர்ல ஏத்துனா லாகின் பண்ணதும் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேங்குது."

"என்ன எச்சரிக்கை வருது?"

"ஏதோ ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்டுன்னு வருதுண்ணே."

"முழுசாப் படி. எந்தக் கோப்பு, எத்தனாவது வரின்னு அதுலயே இருக்கும்."

படிச்சான். தமிழ்ல செய்தி வாசகங்களை எல்லாம் போட்டு வச்சிருந்த ஒரு கோப்பு. வரி எண் 1. 'முதல் வரியில ஒண்ணுமே இல்லையேண்ணே, வெறும் ஆரம்ப டேக்தான்'ங்கிறான்.

தமிழ்ல எழுதுறவனுக்குன்னே வந்து வாய்ச்ச வியாதி இது. விண்டோஸ் நோட்பேட்ல தமிழ் அடிச்சு யுடிஎஃப்-8ன்னு சேமிச்சா, பழைய நோட்பேட் கோப்போட தலையில மூணு பைட் ஒட்டி வைக்கும். பாம் (பைட் ஆர்டர் மார்க்) என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. 2019ல வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புல இருந்துதான் நோட்பேட் அது இல்லாம சேமிக்க ஆரம்பிச்சது. தம்பி அந்த ஒரு கோப்பை மட்டும் வீட்டுல கிடந்த விண்டோஸ் 7 பொட்டியில அடிச்சிருக்கான். ஆங்கிலத்துல மட்டும் எழுதுறவனுக்கு இந்தத் தொல்லை அநேகமா தெரியவே தெரியாது. ஏன்னா அவன் யுடிஎஃப்-8ன்னு தேர்ந்தெடுக்கவே மாட்டான்.

இன்க்ளூட் பண்ணின கோப்புல ஆரம்ப டேகுக்கு முன்னாடி என்ன இருந்தாலும் பி.எச்.பி. அதை அப்படியே வெளியே துப்பிடும். மூணு பைட் வெளியே போனாலும் போனதுதான். அதுக்கப்புறம் ஹெட்டர் அனுப்ப முடியாது, அடுத்த பக்கத்துக்குத் தள்ள முடியாது. லேப்டாப்புல ஏன் ஓடுச்சு? அங்க அவுட்புட் பஃபரிங் 4096ன்னு இருந்துச்சு, துப்பினதைக் கொஞ்ச நேரம் வாயிலயே வச்சிருந்துச்சு. சர்வர்ல அது கிடையாது. பாம் இல்லாம சேமிடான்னேன், சரியாப் போச்சு. இதுவரைக்கும் சுபம்.

வந்தது வந்தோம், மத்த கோப்பையும் அனுப்புடான்னு வாங்கிப் பார்த்தா, அங்கதான் பகீர்னுச்சு.

'பொது'ன்னு ஒரு போல்டர், 'நிர்வாகம்'னு ஒரு போல்டர். லாகின் பண்ணியிருக்காங்களான்னு சோதிக்கிற காவல் கோப்பு நிர்வாகத்துல இருக்கு. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான தலைப்புக் கோப்பு பொதுவுல இருக்கு. அந்தத் தலைப்புக் கோப்பு, '../' போட்டு ஒரு படி மேல ஏறி, நிர்வாகத்துக்குள்ள போய் காவலைக் கூப்பிடுது. கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு @.

"இந்த @ எதுக்குடா?"

"மேல இருக்க பக்கத்துல மட்டும் எச்சரிக்கை வந்துச்சுண்ணே. நிர்வாகப் பக்கத்துல வரல. அதான் அதைப் போட்டேன், போயிருச்சு."

"சரி, நம்ம ஊருக்கு எப்படி வரணும்னு ஒருத்தர் போன்ல கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்கேருந்து வர்றீகன்னு கேப்பேன்."

அம்புட்டுதான் இன்க்ளூட். அருப்புக்கோட்டையில இருந்து வர்றவருக்குச் சொன்ன வழியைக் கமுதியில இருந்து வர்றவர்கிட்டச் சொன்னா அவர் எங்கேயோ போய் நிப்பார். புள்ளியில ஆரம்பிக்கிற பாதையை பி.எச்.பி., அது எழுதியிருக்கிற கோப்பு இருக்குற இடத்துல இருந்து எண்ணாது. நடப்பு டைரக்டரியில இருந்துதான் எண்ணும். இணையத்துல அது பெரும்பாலும் முதன்முதல்ல கூப்பிடப்பட்ட பக்கம் இருக்குற போல்டர். நிர்வாகத்துல இருக்க பக்கம் கூப்பிட்டா, ஒரு படி மேல ஏறி மறுபடி நிர்வாகத்துக்குள்ள வந்துடும், காவல் கிடைச்சிடும். மேல இருக்க பக்கம் கூப்பிட்டா, ஒரு படி ஏறினதும் தளத்தை விட்டே வெளிய போயிடும். இதே நிரலைக் கிரான்ல போட்டு ராத்திரி ஓடவச்சீங்கன்னா இன்னும் கூத்து. கமாண்ட் லைன்ல பி.எச்.பி. நிரல் இருக்குற போல்டருக்கு மாறாது, நீங்க எங்க நின்னு கூப்பிட்டீங்களோ அங்கேயே நிக்கும்.

வெறும் பேரை மட்டும் கொடுத்தா கதை வேற. அப்ப இன்க்ளூட் பாத்னு ஒரு பட்டியல்ல தேடும், அப்புறம் கூப்பிடுற கோப்பு இருக்க போல்டர்லயும் நடப்பு டைரக்டரியிலயும் தேடும். அதனாலதான் சில சமயம் எதுவுமே போடாம ஓடுது, ஒரு புள்ளி சேர்த்ததும் படுத்துக்குது.

சரி, மேல இருக்க பக்கம் எதுடான்னு பார்த்தா, பட்டியல் பக்கம். பேரு, போன் நம்பர், தொகை. காவல் கோப்பு கிடைக்கலை. இன்க்ளூட் என்ன பண்ணும்? எச்சரிக்கை மட்டும் கொடுத்துட்டு மேற்கொண்டு ஓடும். அந்த எச்சரிக்கையையும் @ வாயைப் பொத்திடுச்சு. விளைவு, லாகினே இல்லாம யார் வேணாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஊர்க்காரங்க போன் நம்பர் மொத்தத்தையும் பார்க்கலாம். தளம் பார்க்க அம்சமா இருக்கு. ஒரு பிழையும் இல்லை!

இன்க்ளூட்டுக்குப் பதிலா ரிக்வயர் போட்டிருந்தா அந்த இடத்துலயே உயிரை விட்டிருக்கும். பக்கம் வந்திருக்காது. பி.எச்.பி. 8ல (2020) அதுக்கு முன்னாடி @ போட்டாலும் அந்தப் பிழையை மறைக்க முடியாது, நல்ல காரியம் பண்ணாங்க. ஆனா இன்க்ளூட்டோட எச்சரிக்கை இன்னைக்கும் @க்கு அடங்கும். அதனால என் வரைக்கும் காவல், கட்டமைப்பு மாதிரி கோப்புகளுக்கு இன்க்ளூட்டே போடக்கூடாது. அது இல்லைன்னா பக்கமே வேணாம்.

பாதைக்கு மருந்து ரொம்பச் சின்னது. முன்னும் பின்னும் ரெண்டு ரெண்டு அடிக்கோடோட டி.ஐ.ஆர். அது எந்தக் கோப்புல எழுதியிருக்கோ அந்தக் கோப்பு இருக்குற போல்டரைச் சொல்லும். யார் எங்கேருந்து கூப்பிட்டாலும் மாறாது. 2009ல பி.எச்.பி. 5.3ல வந்தது. உங்க வேர்ட்பிரஸ் கட்டமைப்புக் கோப்போட கடைசி வரிகளைப் பாருங்க, ஏபிஎஸ்பாத்னு ஒண்ணு வச்சு இதைத்தான் செய்யுது. கம்போசர் இருக்கும்போது இன்க்ளூட் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: அந்த ஆட்டோலோட் கோப்பையும் ஒரு ரிக்வயர் போட்டுத்தானே சாமி கூப்பிடுறீங்க?

பெரிய எழுத்து சின்ன எழுத்து விவகாரம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. தாண்டிப் போவோம்.

இன்னொண்ணு. எந்தப் பக்கத்தை இன்க்ளூட் பண்ணணும்ங்கிறதை முகவரியில இருந்தே எடுக்குற பழக்கம். ஒரு காலத்துல அடுத்தவன் சர்வர்ல இருக்க நிரலைக் கூட இப்படி இழுத்து ஓடவைக்க முடிஞ்சது. 2006ல பி.எச்.பி. 5.2 வந்தப்போ அதுக்குன்னு தனியா ஒரு கதவு வச்சு, இயல்பாவே பூட்டியும் வச்சாங்க. ஆனா உள்ளூர்க் கோப்புகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது. வர்றவன் வரிசையா ../ போட்டுக்கிட்டே ஏறினா உங்க சர்வர்ல எதை வேணாலும் எட்டிப் பார்க்கலாம். தம்பி இதை மட்டும் செய்யலை, பிழைச்சான். அப்படி வேணும்னா அனுமதிக்கிற பேரையெல்லாம் ஒரு அரேயில எழுதி வச்சு, அதுல இருந்தா மட்டும் இன்க்ளூட் பண்ணுங்க.

'சின்ன ஊர்த் தளம், இதுக்குப் போய் இம்புட்டா?'ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் வருவார்னு தெரியும். சின்னத் தளத்துலதான் சாமி தெரிஞ்சவங்க நம்பர் இருக்கும்.

பிழையை ஊருக்குக் காட்டணும்னு நான் சொல்லலை. ஓடுற தளத்துல டிஸ்ப்ளே எர்ரர்ஸை அணைச்சே ஆகணும், இல்லைன்னா உங்க போல்டர் அமைப்பு மொத்தமும் வர்றவனுக்குத் தெரிஞ்சிடும். கூடவே லாக் எர்ரர்ஸை ஏத்தி வைங்க, லாக் கோப்பை இணையத்துக்குத் தெரியிற போல்டருக்கு வெளியில வைங்க, வாரத்துக்கு ஒரு தரமாவது திறந்து பாருங்க. தம்பி வச்சிருந்த @ மொத்தம் பதினொண்ணு. எடுத்ததும் லாக்ல புதுசா மூணு எச்சரிக்கை வந்திருக்கு. ரெண்டு சரி பண்ணிட்டான், மூணாவதுக்கு ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்னிருக்கான் :-)