துணி மூட்டையோடு வந்த துப்பறிவாளர்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த தம்பி ஒருவன் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கேட்டான்: "நான் ஒரு மர்மக் கதை எழுதலாமா?" சிரித்துவிட்டோம். மலையகத்தான் எழுதினால் கொழுந்துக் கூடை, அட்டைக்கடி, லயம், கண்ணீர். எங்கள் தலைக்குள்ளும் அதுதான் இருந்திருக்கிறது.

சிரித்தது பிழை. கோ. நடேசய்யரை நாங்கள் மறந்துபோனோம்.

தொழிற்சங்கத் தந்தை, 1925இல் சட்டசபைக்குப் போனவர், 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் உறுப்பினர். இதெல்லாம் பாடமாகப் படித்தோம். ஆனால் அவர் முதலில் பத்திரிகைக்காரர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' நடத்தியவர். அதோடு, 'மூலையில் குந்திய முதியோன்' என்று துப்பறியும் நாவல் ஒன்றும் எழுதினார். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்கிறவர்களும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள், ஏதோ பெரிய மனுசன் பொழுதுபோக்குக்குக் கிறுக்கினது மாதிரி.

எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது. புடவை வியாபாரிக்கு மட்டும் வழி இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த இந்த மனுசன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய், கங்காணிக் கடன், துரைமார் கொடுமை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எழுதினார். மாறுவேடம், சாட்சி, தடயம். இது துப்பறிதல் இல்லாமல் வேறென்ன?

தலைப்பைப் பார்த்தால் பரோனஸ் ஒர்க்சி 1909இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுதி ஞாபகம் வரும். அதில் லண்டன் தேத்தண்ணிக் கடை மூலையில் உட்கார்ந்து ஒரு கிழவர் மர்மங்களை அவிழ்ப்பார். கேட்டுக்கொண்டிருப்பது ஒரு பத்திரிகைக்காரப் பெண். (அந்தக் கடைக்குத் தேயிலை எங்கிருந்து போயிருக்கும் என்று மட்டும் கிழவர் யோசிக்கமாட்டார்!)

எங்கள் ஊவாவில் மர்மத்துக்கா பஞ்சம்? தராசில் நிறுத்த கொழுந்து செக்றோலில் ஏறுவதற்குள் எப்படிக் குறைகிறது? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. அபாயம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை யார் மேசையில் நின்றது? அஞ்சலிக் கவிதை நிறைய எழுதிவிட்டோம். இந்தக் கேள்வியை வைத்து ஒரு நாவல் எழுதவில்லை.

நடேசய்யரின் நாவலை நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை. எங்கள் நூலகத்தில் தேடினோம், இல்லை. யாரிடமாவது பிரதி இருந்தால் சொல்லுங்கள், மறுபதிப்புக்குக் காசு சேர்க்கிறோம். தம்பி முதல் அத்தியாயத்தை அனுப்பிவிட்டான். செத்துக் கிடப்பது ஒரு கணக்கப்பிள்ளை.