கால் விரலைத் தொடுவது எதற்கு?

காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் புதுச்சேரிப் பென்ஷன்காரர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். ஏழரை மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் நடப்பதற்கு வசதி. காந்தி சிலையில் ஆரம்பித்து டூப்ளே சிலை வரை போய்த் திரும்புவோம். நடை முடிந்ததும் எங்கள் கூட்டம் வரிசையாக நின்று, முழங்கால் மடங்காமல் குனிந்து, கால் விரலைத் தொடும். தொட்டவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. தொட முடியாதவருக்கு அன்றைய கிண்டல் முழுவதும்.

இரண்டு வருஷமாக நான் அந்த வரிசையில் நிற்பதில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். "என்ன முசியே, வயசாயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் வந்த பட்டம் அது. நின்று பதில் சொன்னால் பிரசங்கமாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு என்றாலே எனக்கு நினைவில் இருப்பது ஒரு கட்டளைதான். "ழாம்ப் தாந்த்யு!" காலை விறைப்பாக வை என்று அர்த்தம். விறைத்துக் குனிந்து விரலைத் தொட வேண்டும். யாராவது ஒருவன் முழங்காலை மடக்கினால் வகுப்பே முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து, பன்னிரண்டு வயதில் உடம்பு துணி மாதிரி மடிந்தது. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்த கால்கள். எழுபது வயதில் கடற்கரையில் நின்று குனியும்போதும் காதில் கேட்டது அதே கட்டளை. மடக்கினால் தோற்றுவிட்டோம் என்ற அதே எண்ணம்.

குனியும்போது தொடையின் பின்பக்கம் சுண்டி இழுக்கிறதே, அந்தத் தசைக்கு ஆங்கிலத்தில் ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். பிரெஞ்சில் 'இஸ்கியோ-ழாம்பியே' என்பார்கள். இந்தப் பிரெஞ்சுப் பெயர் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதிலேயே விலாசம் இருக்கிறது. 'இஸ்கியோன்' என்பது நாம் உட்காரும்போது பலகையில் பதிகிற எலும்பு. 'ழாம்ப்' என்பது கால். அங்கே புறப்பட்டு முழங்காலைத் தாண்டி வந்து, கீழே கணைக்கால் எலும்புகளில் பிடித்துக்கொள்கிற மூன்று தசைகள்.

இதற்கும் இடுப்பு வலிக்கும் என்ன சம்பந்தம்? நாம் குனியும்போது இடுப்பெலும்பு ஒரு குடத்தைச் சாய்ப்பது போல முன்னால் சாய வேண்டும். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் அது குடத்தின் அடியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. குடம் சாயாது. ஆனால் விரலைத் தொட்டே தீர வேண்டும் என்று நாம் நிற்கிறோம். அப்போது கீழ் முதுகு வில்லாக வளைகிறது. இடுப்பு கட்டாத பாக்கியை முதுகு கட்டுகிறது. ஏற்கெனவே முதுகு வலி உள்ளவருக்கு இது கடன் மேல் கடன்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போலப் பேசினேன். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர் ஒருவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நடைக்கு என்னோடு வருவார். ஒருநாள் குனியும்போது, வலது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு கம்பி இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். "அண்ணே, அது வெறும் இறுக்கம். தினமும் நீட்டுங்க, விட்டுடும்" என்றேன். சொன்னதோடு விடவில்லை. பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான் நாலு புத்தகம் படிப்பவன் என்று அவருக்கு என்மேல் ஒரு மரியாதை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் செய்தார்.

அப்புறம் ஒருநாள் காலை நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். டாக்டரிடம் போனபோது, முதுகெலும்பின் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். பாதத்தை மேலே தூக்கும் பலம் குறைந்திருந்தது. சிகிச்சையில் வலி போய்விட்டது. பாதம் முழுவதும் திரும்பவில்லை. இன்றைக்கும் ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி வைத்துத்தான் நடக்கிறார்.

நீட்டியதால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முன்பே வந்திருக்கலாம் என்றார். அந்த மூன்று வாரம் என் கணக்கில் இருக்கிறது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு என்னப்பா தெரியும், நல்லதுக்குத்தானே சொன்ன" என்றார். உனக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வியே.

என் இடுப்பிலும் நெடுநாளாக வலி இருந்தது. பயந்துபோய் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். பேத்தி வயதுப் பெண். என்னைப் படுக்க வைத்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, எங்கே இழுக்கிறது, முழங்காலுக்குக் கீழே போகிறதா, மரத்துப் போகிறதா என்று நிதானமாகக் கேட்டாள். இது தசை இறுக்கம்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். அண்ணனிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

அவள் சொல்லிக் கொடுத்த மூன்று பயிற்சிகளிலும் முதுகுக்கு வேலை இல்லை.

முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மறு காலின் உள்ளங்காலில் ஒரு துண்டைக் கோத்து, இரண்டு முனையையும் கையில் பிடித்து மெதுவாகக் காலைத் தூக்க வேண்டும். பின்தொடையில் லேசாக இழுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முழங்கால் சற்று மடங்கியிருந்தால் பாதகமில்லை. என் பழைய கட்டளைக்கு அன்றோடு விடுமுறை கொடுத்தேன். தரையில் படுத்து எழ முடியாதவர்கள் கெட்டியான மெத்தைக் கட்டிலில் செய்யலாம்.

இரண்டாவது, அறை வாசலில் படுத்து ஒரு காலைக் கதவு நிலையில் சாய்த்து மேலே வைத்து, மற்றதை வாசல் வழியே நீட்டிவிடுவது. நிலை காலைத் தாங்கிக்கொள்ளும். இழுப்பு அதிகமாக இருந்தால் சற்றுத் தள்ளிப் படுத்தால் போதும்.

மூன்றாவது, நாற்காலியின் முன் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்வது. பெரியவர்களுக்கு வணக்கம் சொல்கிற அளவு சாய்ந்தால் போதும். முதுகு வளைந்தால் கணக்கில் சேராது. நாற்காலி நகராமல் சுவரோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? இளைஞர்களுக்கு 30 வினாடி பிடித்தாலே போதும் என்று கண்டிருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களை 15, 30, 60 வினாடி என்று பிரித்துப் பார்த்த ஆய்வில் 60 வினாடிதான் கூடுதல் பலன் தந்தது. நம் தசைக்கு இளகக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். நான் 30-ல் ஆரம்பித்து ஒரு மாதத்தில் 60-க்கு வந்தேன். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. எட்டி எட்டி உலுக்கக் கூடாது. முடித்ததும் ஒருக்களித்துப் படுத்துப் பிறகு எழுந்தால் தலை சுற்றாது.

நேரமும் முக்கியம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். நாங்களோ படுக்கையை விட்டு வந்த சூட்டோடு குனிகிறோம்! நான் பயிற்சியை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். எலும்புத் தேய்மானம் வேறு, எலும்பு பலவீனம் வேறு. இரண்டாவது உள்ளவர்கள், நம் வீட்டுப் பெண்களில் பலர், முதுகை வளைத்துக் குனியும் பயிற்சியை அறவே தவிர்ப்பது நல்லது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் அறுவை செய்த டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்தொடையை நீட்டினால் முதுகு வலி தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இறுக்கத்தால் வலி வந்ததா, வலிக்கிற முதுகைக் காப்பாற்றத் தசை இறுகியதா என்பதே ஆளுக்கு ஆள் மாறும். நடையும், புட்டத் தசைக்கும் முதுகுக்கும் பலம் தருகிற எளிய பயிற்சியும், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காராமல் இருப்பதும் சேர்ந்தால்தான் பலன். எனக்கு வலி முழுவதும் போகவில்லை. ஆனால் போன தை மாதம் அப்பாவின் திதிக்கு, நாலு வருஷத்துக்குப் பிறகு, தரையில் மணை போட்டு உட்கார்ந்து முடித்தேன். என் விரல் இன்னமும் கால் விரலைத் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு ஜாண் வரைதான் போகிறது. அதனால் ஒரு குறையும் இல்லை.

என் கருத்து இவ்வளவுதான். கால் விரலைத் தொடுவது பள்ளிப் பையன்களின் போட்டி. நமக்கு வேண்டியது வலியில்லாமல் செருப்பு மாட்டுவதும், பேரப்பிள்ளை கீழே போட்டதை எடுப்பதும். அதற்குத் தகுந்த பயிற்சியைப் படுத்தோ உட்கார்ந்தோ செய்யலாம். கடற்கரையில் சாட்சி வைத்துச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று. வரிசையில் நிற்கும் யாராவது, வலி முழங்காலுக்குக் கீழே ஓடுகிறது, பாதம் மரக்கிறது, செருப்பு நிற்கவில்லை என்று சொன்னால் தயவுசெய்து நீட்டச் சொல்லாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். சிறுநீரோ மலமோ அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காய்ச்சலோடு முதுகு வலி, விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவையும் அலட்சியப்படுத்துகிற விஷயமில்லை.

அண்ணன் இப்போதும் காலையில் வருகிறார். டூப்ளே சிலை வரை வருவதில்லை. காந்தி திடலிலேயே உட்கார்ந்துகொள்வார். நான் நடந்து திரும்பியதும் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். வரிசையில் இருப்பவர்கள் எண்ணுகிற சத்தம் அங்கே வரை கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.