மாட்டப்பட்ட அறிவிப்பும் அறியப்பட்ட அறிவிப்பும்

மின்சார விபத்தைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் இல்லை என்று எவரும் குறை கூற இயலாது. இந்திய மின்சாரச் சட்டம் 1910-இல் பிறந்தது. 1956-இல் விரிவான விதிகள் வகுக்கப்பட்டன. இன்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் நடைமுறையில் உள்ளன. மின்சாரம் தாக்கியவரைப் பிழைக்க வைக்கும் முறையை விளக்கும் அறிவிப்பு, ஆங்கிலம் அல்லது இந்தியோடு மாவட்ட மொழியிலும் எழுதப்பட்டு, தொழிற்சாலைகளில் கண்ணிற்படும் இடத்தில் மாட்டப்பட வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு விதிகளிலேயே கண்ட கட்டளையாகும்.

மாட்டப்பட்டதெல்லாம் அறியப்பட்டதாகுமா என்பதே என் ஐயம். பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை நான் தமிழாக்கியபோது, 'புவித்தொடர்பு' என்று எழுதி மனநிறைவு கொண்டேன். அதைப் படித்த மின்பணியாளர் ஒருவர், "எர்த்தைத்தானே ஐயா சொல்லுகிறீர்கள்?" என்று வினவினார். அன்று நான் வெட்கினேன். அன்றுமுதல் அத்தகைய அறிவிப்புகளில் 'எர்த்' என்றே எழுதி வருகிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஈரக் கையால் 230 வோல்ட் மின்கம்பியைத் தொட்டவரின் உடல் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், அவருள் 230 மில்லியாம்பியர் மின்னோட்டம் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இதுவே போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃப்யூஸோ, 5,000 மில்லியாம்பியர் வரை அசையாது இருக்கும். ஆகவேதான் நல்ல எர்த்தும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதனவாகின்றன. ஃப்யூஸ் காப்பாற்றும் என்று நம்பும் தொழிலாளிக்கு இதை எடுத்துரைப்பவர் யார்?

மின்னமைப்புகள் 5 ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் பரிசோதிக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட மின்னழுத்தம் வரையிலான அமைப்புகளுக்கு உரிமையாளரே சான்றளிக்கவும் இன்று இடமுண்டு. உயிர்ச்சேதம் நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். பரிசோதனைக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் தொழிலாளியின் அறிவே அவனுக்குக் காவல்.

ஆதலால் பரிசோதனைக்குச் செல்வோர், "அறிவிப்பு உள்ளதா?" என்று கேட்பதோடு அமையாது, அங்குள்ள தொழிலாளி ஒருவரை அழைத்து, "உம் தோழரை மின்சாரம் தாக்கினால் முதலில் என்ன செய்வீர்?" என்றும் கேட்டல் வேண்டும். பணிச்சுமை மிகுதி என்பர்; இக்கேள்விக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகாது. திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். மாவட்ட மொழி அறியாத அவர்களுக்கு, அவர்தம் மொழியிலும் அறிவிப்பு வேண்டும். விதி கூறுவது குறைந்த அளவே. அதற்கு மேல் செய்வதை எவ்விதியும் தடுக்கவில்லை.

ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இதற்குத் துணை நிற்கலாம். முதலில் மின்சாரத்தை நிறுத்துக; இயலாவிடின் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குக; வெறுங்கையால் தொடாதீர்; மூச்சு நின்றிருப்பின் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்க; மருத்துவ உதவிக்கு ஆளனுப்புக. இவ்வைந்தையும் மாணவர் மனத்தில் பதித்துவிட்டால், நாளை அவர்கள் நுழையும் தொழிற்சாலையில் சுவரில் உள்ள எழுத்து உயிர் பெறும்.