நிறம் பார்த்துக் குடிக்கிறவர்கள்

லாகர் குடித்துப் பழகியவன் ஜெர்மன் பீர் ஒன்றைப் பரீட்சிக்க விரும்பினால், "வெளுப்பானதை எடு, கறுப்பைத் தொடாதே" என்று புத்தி சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. சுத்த அபத்தம்! லாகர் என்பது நிறமா, ஐயா? ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கிடங்கு என்று பொருள். அடியில் படியும் ஈஸ்டினால் குளிரில் நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே கிடப்பதுதான் லாகர். கோலோன் நகரத்துக் கோல்ஷ் பொன்னிறம்தான்; ஆனால் மேலே பொங்கும் ஈஸ்டில் பிறந்தது. துரிங்கியாவில், கோஸ்ட்ரிட்ஸ் ஊரின் ஷ்வார்ட்ஸ்பியரோ கருங்காப்பி நிறம். அதுவோ அசல் லாகர். வறுத்த மால்ட் கொடுத்த கறுப்பு அது. மனிதனிடம் காட்டுகிற நிறப் புத்தியைப் பீரிடமுமா காட்டுவது? மியூனிக்கின் வெளிறிய ஹெல்லஸில் ஆரம்பியுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. இரண்டாவது கோப்பை கறுப்பாக இருக்கட்டும்.